கடலடியில் இறக்கிவைத்த அசதி

ஓமான் நாட்டில், மலை வந்து கடலுக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிற ஒரு மூலையில், கடல் தண்ணீரை இழுத்து உப்பை உருவிக் குடிதண்ணீராக்கி ஊருக்கு அனுப்புகிற பிளான்ட் ஒன்று இருந்தது, அந்தப் பிளான்ட்டுக்குப் பின்னால் தகரக்கூரை கேம்ப் இருந்தது, கேம்ப்பில் நாங்கள் இருந்தோம், எங்களோடு அசதியும் இருந்தது. அசதி என்றால் குளித்தால் போகிற அசதி இல்லை. வந்து இறங்கின அன்றைக்கே ஏர்போர்ட்டில் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்ட அசதி அது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டவர்கள் அதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

அந்த அசதியில் ஒரு நல்லதும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். படுத்த மாத்திரத்தில் தூக்கம் வரும், வந்த தூக்கம் ஆளை அப்படியே அள்ளிக்கொண்டு போய் அவனவன் ஊரில் அவனவன் வாசலில் இறக்கி விட்டுவிடும். லீவு தரக் கம்பெனிக்கு மனசு வராவிட்டாலும் தூக்கத்துக்கு மனசு வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்தால் கேம்ப்பில் ஒரு ஆள் இருக்க மாட்டான். உடம்பெல்லாம் கட்டிலில் கிடக்கும், ஆளெல்லாம் ஊரில் இருப்பான்.

எங்களில் அதிகமாக இப்படி ஊருக்குப் போய் வந்தவன் சேவுகன். சிவகங்கைப் பக்கத்துக்காரன், வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் பெண்சாதி இருளாயி, இவன் இங்கே இருக்கும்போது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். கத்திரி வெயில் காலம், பொணத்தை வைத்திருக்க முடியாது, லீவும் கிடைக்கவில்லை, இவன் பிளான்ட்டில் குழாய் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். ஆனால் இருளாயி அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. இவன் கண்ணை மூடினால் போதும், வந்துவிடுவாள். வந்து திட்டுவாள். இவன் தூக்கத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பான், நாங்கள் பக்கத்துக் கட்டில்களில் கேட்டுக்கொண்டிருப்போம்.

"கேஸு தீந்துபோச்சுன்னா நான் என்னடி செய்ய, அடுத்த வீட்ல வாங்கி ஓட்டு" என்பான்.

எழுந்ததும் உசிலம்பட்டி ஒச்சப்பன்தான் முதலில் கேட்பான். இளவட்டம், வாய் சும்மா இருக்காது. "மதினி என்னண்ணே சொன்னாங்க?"

"மீசையை ஒதுக்கச் சொல்றாடா. பொதரு மாதிரி இருக்காம்."

"மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒச்சப்பன் கத்திரியை எடுத்துக்கொண்டு வருவான். ஆம்பளைகள் மட்டுமே கிடந்த அந்தக் கேம்ப்புக்குள் வந்து போய்க்கொண்டிருந்த பொம்பளை அவள் ஒருத்திதான். செத்தவள் என்று யாரும் சொன்னதில்லை, மதினி என்றுதான் சொல்வோம்.

அந்த வருஷம் கடலில் ஜெல்லி மீன் மொய்த்தது. பிளான்ட் தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் இரும்பு வலைத்தட்டி உண்டு, ஜெல்லி மீனும் ஒட்டுச்சிப்பியும் போய் அதை அடைத்துக்கொள்ள, தண்ணீர் வராமல் மோட்டாரெல்லாம் மூச்சுத் திணறியது. வெளியிலிருந்து வந்து சுத்தம் பண்ணுகிற டைவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நம்ம ஆளிலேயே ஒருத்தனைப் பழக்கிவிடுவோம் என்று கம்பெனி முடிவெடுத்தது. சூப்பர்வைசர் குரியன் சார் எல்லார் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போட்டுப் பிறந்த ஊரைப் பார்த்துக்கொண்டே வந்து சேவுகனிடம் நின்றார்.

"எடோ சேவுகா, நீ ராமநாதபுரம் அல்லே? ராமேஸ்வரம் பக்கம். கடல்காரன். நீ போய் டைவிங் படிச்சோ."

சேவுகன் பிறந்தபோது சிவகங்கைச் சீமையெல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவில் கிடந்தது, அவ்வளவுதான் சங்கதி. அவன் ஊரில் கண்மாய் நிறைவதே எப்போதாவது ஒரு வருஷம், நிறைந்தால் கிடா வெட்டுவார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று பழக்கமில்லாதவன். ஆனால் முடியாது என்கிற சொல் அவன் வாயில் விளைந்ததே கிடையாது. ஊருக்குப் போகிறவனிடம் பார்சல் கொடுத்துவிடுவது எங்கள் கேம்ப் வழக்கம். பால் பவுடர், சோப்பு, கம்பளி, பிள்ளைக்குச் செருப்பு என்று அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி மார்க்கரில் பேரெழுதி நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காதவனை மனுஷனில் சேர்க்க மாட்டோம். சேவுகன் லீவில் போன ஒரே தடவை எல்லார் பெட்டியையும் சுமந்து போனான், அவனுக்கென்று கொண்டுபோனது உடுத்தியிருந்த சட்டைதான். அப்படிப்பட்டவன் குரியன் சாரிடம் எப்படி முடியாது என்பான்? "சரி சார்" என்றான்.

அடுத்த வளைவில் வெள்ளைக்காரர்களுக்கு டைவிங் சொல்லிக்கொடுக்கிற இடம் இருந்தது. அங்கே பழக்கிவிட்டது வதனி என்கிற பெண், இலங்கையில் திருகோணமலைக்காரி. தமிழ் பேசுகிற வாத்தியார் கிடைத்ததில் சேவுகனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"நீந்தத் தெரியுமோ அண்ணா?"

"தெரியாது தங்கச்சி. சார்கிட்டச் சொல்லிறாதீங்க."

அவள் சொல்லவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, பிறகு மிதக்க வைத்து, பிறகு முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி வாயில் ரப்பர்க் குழாயைக் கடிக்கக் கொடுத்தாள். "மூச்சைப் பிடிச்சு வைக்கக் கூடாது அண்ணா. விட்டு விட்டு எடுங்கோ. மேல வரேக்க அவசரப்படக் கூடாது, நீங்கள் விடுற குமிழியை விட மெதுவா வர வேணும், இடையில நிண்டு வர வேணும். ஓடி வந்தால் ரத்தம் நுரைச்சுப் போகும்."

"ஊருக்குப் போறதும் அப்படித்தான் தங்கச்சி" என்றான் சேவுகன். "சட்டுனு போனா ஒடம்பு ஏத்துக்காது."

ஆழத்தில் இறக்கிப் பழக்கப் பிளான்ட் வலைத்தட்டிப் பக்கமே கூட்டி வந்தாள். ஆனால் அவன் முங்கவே இல்லை. ரப்பர் உடுப்பு அவனைத் தக்கையாக மேலே தூக்கியது. வதனி இடுப்பு வாரில் ஈயக்கட்டி கோர்த்தாள், இன்னும் கோர்த்தாள், அப்புறம்தான் இறங்கினான். இறங்கி இறங்கிக் கால் மணலைத் தொட்ட இடத்தில்தான் அது நடந்தது. அவன் தோளில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்த அசதி, தண்ணீரில் ஊறி, ஒரு பக்கமாக நழுவி, முதுகு வழியாக வழிந்து மணலில் போய் விழுந்து கிடந்தது. ஈரச் சாக்கு மாதிரி, சாம்பல் நிறத்தில். ஒரு மீன் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

மேலே வந்ததும் வதனியிடம் சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பித் துடைத்துக்கொண்டே, "புதுசா வாறவைக்கு அது கழண்டு விழுறதுதான். வெள்ளைக்காரருக்குச் சின்னனா இருக்கும், கைக்குட்டை மாதிரி. உங்களுக்குக் கொஞ்சம் பெருசு" என்றாள்.

அன்றைக்குக் கேம்ப்புக்கு வந்த சேவுகன் உட்காரவே இல்லை. துணி துவைத்தான், வாசலைக் கூட்டினான், மெஸ்ஸில் வந்து வெங்காயம் உரித்தான்.

"அண்ணே, என்னத்தத் தின்னீங்க?" என்றான் ஒச்சப்பன்.

"அசதியைக் கடல்ல வச்சிட்டு வந்துட்டேன்டா."

"எங்க?"

"மணல்ல."

"எவனும் எடுத்துட்டுப் போயிற மாட்டானா?"

"அதை எவன்டா எடுப்பான்."

ஒச்சப்பன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அப்ப நாளைக்குப் போறப்ப என்னோடதையும் கொண்டுபோங்கண்ணே."

ஆரம்பம் அதுதான். கம்பெனி கொடுத்த வெள்ளைத் துண்டு எல்லாரிடமும் உண்டு. அதை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் உட்கார்ந்திருந்தால் அசதி துண்டில் இறங்கிவிடுகிறது என்று ஒச்சப்பனே கண்டுபிடித்தான், இறங்கினதும் துண்டு கல்லாகக் கனக்கும், மடித்து முடிச்சுப் போட்டு மார்க்கரில் பேரெழுதி நீட்டினால் சேவுகன் வாங்கிக்கொள்வான். முதலில் எங்கள் ரூம், பிறகு எங்கள் வரிசை, பிறகு மலையாளத்தான்கள், பெங்காலிகள், பாகிஸ்தான் பட்டாணிகள், கிரேன் ஓட்டுகிறவன், செக்யூரிட்டி என்று துண்டும் கையுமாக வந்து நின்றார்கள். கிரேன்காரன் அசதி கழுத்தில் சுளுக்கின மாதிரி கோணிக்கொண்டிருக்கும், பட்டாணி அசதி மலை மாதிரி கனத்தாலும் சத்தம் போடாது, மலையாளத்தான் அசதி முடிச்சுக்குள்ளேயிருந்து முணுமுணுவென்று ஞாயம் பேசிக்கொண்டே போகும், மெஸ் அசதியில் வெங்காய வாடை அடிக்கும். எல்லாவற்றையும் சேவுகன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"ஈயம் வேண்டாம் அண்ணா" என்றாள் வதனி. "கட்டியிருக்கிற சாமானின்ர பாரமே காணும்."

பழக்கம் முடிந்து அவன் பிளான்ட் வலைத்தட்டியைச் சுரண்டப் போனான். தட்டிக்குப் பக்கத்தில், அவனுடையது விழுந்த அதே மணலில் துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, சிப்பியைச் சுரண்டி, ஜெல்லி மீனை வழித்துத் தள்ளிவிட்டு வருவான். மேலே கேம்ப் வேறு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வாலிபால் ஆடினார்கள். முகச்சவரம் பண்ணினார்கள். போனில் பேசும்போது கொட்டாவி விடாமல் பேசினார்கள், அதுவே சில வீடுகளில் வம்பாகப் போனது, "என்ன, குரலே புதுசா இருக்கு, அங்க எவளையும் சேத்துக்கிட்டீகளா?" என்று ஒச்சப்பன் பெண்சாதி கேட்க, அவன் அசதியைக் கடலில் போட்ட கதையைச் சொல்ல, "அதையும் எனக்கு அனுப்பாம கடல்லயா போட்டீக" என்று அவள் அதற்கும் சண்டை போட்டாள்.

குரியன் சார் பார்த்தார். ஆள்கள் களைக்கவில்லை என்று தெரிந்ததும் வேலை நேரத்தை நீட்டினார். நீட்டினால் அசதி கூடும், கூடினால் துண்டு கனக்கும், அவ்வளவுதானே, கொண்டுபோய்ப் போடத்தான் ஆள் இருக்கிறதே. நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிட்டார்கள், அசதி கொடுக்கிறவர்கள் வியாழக்கிழமை காலைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று. கடைசியில் ஒரு நாள் குரியன் சாரே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் எடுத்துச் சேவுகன் கையில் கொடுத்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அதுவும் கனமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, யாருக்கும் தூக்கம் வரவில்லை என்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்தவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். ஊருக்குப் போகிற பஸ்ஸே நின்றுபோன மாதிரி இருந்தது. உடம்பில் அசதி இல்லை, ஆனால் மனசு ஓய்ந்துபோய்க் கிடந்தது. அதை எந்தத் துண்டில் இறக்குவது என்று தெரியவில்லை.

"மதினி வந்தாங்களாண்ணே?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"இல்லடா."

அடுத்த வாரமும் கேட்டான். அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை.

சேவுகன் போனில் இருந்த அவள் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தான். ரேஷன் கார்டுக்கு எடுத்தது. விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். போட்டோவில் இருக்கிறவள் திட்ட மாட்டாள், மீசையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள். மீசை வளர்ந்து வாயை மூடிக்கொண்டு வந்தது. ஒச்சப்பன் கத்திரியை எடுத்தால், "அவ சொல்லட்டும்டா" என்று தலையைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் துண்டுகளோடு வரிசை நின்றது. முன்னால் நின்ற பட்டாணி நீட்டினான். சேவுகன் கையை நீட்டவில்லை.

"முடியாது" என்றான்.

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவன் குழாயை மூடினான்.

"இனிமே வைக்கப் போகல. எடுக்கப் போறேன். நான் மொதல்ல கழட்டிப் போட்டது அடியில கெடக்கு, அதுக்கு மேல ஒங்களோடது எல்லாம் கெடக்கு. ஒங்களோடத எடுக்காம என்னோடத எடுக்க முடியாது. எனக்கு அவ வரணும்ப்பா."

கூட்டம் முணுமுணுத்தது. கிரேன்காரன் கோபமாகவே சொன்னான், "தொலஞ்சுதுன்னு இருக்கோம், திரும்பவும் தோள்ல ஏத்தணுங்கிறியா? வேல நேரத்தைக் கொறச்சிருவானா?"

"கொறைக்க மாட்டான்."

"அப்புறம்?"

ஒச்சப்பன்தான் மெதுவாகச் சொன்னான். "என் பய கடைசியாக் கனவுல வந்தப்ப முன்னாடிப் பல்லு விழுந்திருந்துச்சு. மொளச்சிருச்சான்னு பாக்கணும்."

"போன்ல பாரேன்டா" என்றான் கிரேன்காரன்.

"போன்ல என்னையக் கண்டா வாயை மூடிக்கிறான்ணே. கனவுலதான் சிரிக்கிறான்."

கிரேன்காரன் தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லாருமே அப்படிப் போய்விட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், சேவுகன் கூப்பிட்டதன்பேரில் வதனி வந்தாள். கடலடியில் கிடக்கிற கனமான சாமானைத் தூக்குகிற காற்றுப்பையும், பெரிய வலையும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் இறங்கினார்கள். அதற்குப் பிறகு நடந்தது சேவுகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

துண்டுகள் குவிந்து வைக்கோல்போர் உயரத்துக்குக் கிடந்ததாம். மேலே மீன்கள் சாய்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தனவாம். ஒவ்வொரு துண்டாக எடுத்து வலையில் போட்டார்கள். போடப் போட சேவுகனுக்குக் கை தளர்ந்தது. இத்தனை ஆம்பளைகளின் அசதி, ஊறி, மெத்தென்று, பஞ்சு மாதிரி இருந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்ப்போமே என்று சாய்ந்தான். சாய்ந்ததும் இமை கனத்தது. எத்தனை நாளைக்கு அப்புறம்! தூரத்தில், நீலத்துக்குள்ளே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு யாரோ வருகிற மாதிரி இருந்தது. வந்துவிட்டாள், இங்கேயே வந்துவிட்டாள், இனிமேல் மேலே போய் என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டு வாயிலிருந்த ரப்பரைத் தளர்த்தினான்.

டங், டங் என்று சத்தம் கேட்டது. வதனி கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து ரப்பரை அவன் வாயில் திணித்து, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். அவள் முகம் தெரிகிற தூரம் இல்லை.

சேவுகன் அடியைத் துழாவினான். அவனுடையதுக்குத் துண்டு கிடையாது, அது தானாகக் கழன்று விழுந்தது அல்லவா. சாம்பலாக எதுவோ கையில் தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது, மணல் மாதிரியும் இருந்தது. அள்ளி வலைக்குள் போட்டான். வதனி காற்றுப்பையை ஊதினாள், வலை எழும்பியது. அவசரப்படாமல், குமிழியை முன்னால் போகவிட்டு, வழியில் ஒரு இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, நாங்கள் மேலே காத்திருக்கிறோம் என்று தெரிந்தும் நின்று, அப்புறம் வந்தார்கள்.

படகுத்துறையில் வலையை இழுத்துப் போட்டோம். அதிகமாக இழுத்தவன் சொபுஜ், புதிதாக வந்திருந்த பங்களாதேஷ் பையன். வலையின் அடிப்பக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தான். அவன் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை. கேட்டதற்கு, இத்தனை பேருக்குச் சுமக்கிறார், நானும் வேறு வேண்டுமா என்றானாம். அவனுக்கு ஊரில் போன் பண்ண ஆள் கிடையாது.

துண்டை அவிழ்த்தால் ஒன்றிலும் பேர் இல்லை. மார்க்கர் மையெல்லாம் கடலோடு போய்விட்டது. எல்லாம் கம்பெனி கொடுத்த ஒரே வெள்ளைத் துண்டு. எவனுடையது எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சண்டை வரும் என்று நினைத்தோம், வரவில்லை. சண்டை போடவும் தூக்கம் வேண்டுமே. கைக்கு அகப்பட்டதை ஆளுக்கொன்றாக எடுத்துப் பிடரியில் போட்டுக்கொண்டோம். குரியன் சார் காரிலிருந்து இறங்கி வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். சேவுகன் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துண்டில்லாத எதுவும் அதில் இல்லை. கடைசியாகக் கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்ட, கேம்ப்பைப் பார்த்து நடந்தான். அவன் கேட்டது கிடைக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அன்றைக்கு மெஸ்ஸில் வைத்த பிரியாணி அப்படியே மிஞ்சியது. தின்னுமுன்னே தூக்கம் வந்துவிட்டது. கட்டிலிலும் படியிலும் வாலிபால் வலைக்கு அடியிலும், விழுந்த இடத்தில் விழுந்தபடி கேம்ப் முழுக்கத் தூங்கியது. குரியன் சார் காருக்குள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கினார். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் ஒவ்வொருத்தனாக எழுந்தோம். எழுந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒச்சப்பன் மலையாளத்து வீடு ஒன்றில் யாரோ அம்மா கையால் புட்டு தின்றுவிட்டு வந்திருந்தான். பட்டாணி ஒருத்தன் ஒச்சப்பனிடம் வந்து, தன் பல்லைத் தொட்டுக் காட்டி, விரலால் இவ்வளவு என்று அளந்து, முளைத்துவிட்டது என்று சைகையில் சொன்னான். ஒச்சப்பன் அவனைக் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் வேலை நேரம் நீட்டினது நீட்டினபடிதான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேவுகன் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"மதினி..." என்று ஆரம்பித்து ஒச்சப்பன் நிறுத்திக்கொண்டான்.

"பெரிய ஆறுடா" என்றான் சேவுகன். "ஒரு ஓடம் கட்டிக் கெடந்துச்சு. கரையில ஒரு ஆளு இல்ல."

அப்போது வாசல்பக்கம் சொபுஜ் வந்து நின்றான். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான், வலையை இழுத்த தோள், அதில் சாம்பலாக ஏதோ படிந்திருந்தது. கேம்ப் இந்தியில் சேவுகனிடம் சொன்னான், "பாய், கனவில் ஒரு அம்மா வந்தாங்க. என்னைப் பிடித்து ரொம்பத் திட்டினாங்க. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்க பாஷை மாதிரி இருந்தது."

"என்னன்னு திட்டினாங்க?"

தமிழில் ஒரு சொல் தெரியாத பையன். கண்ணை மூடிக்கொண்டான். மதரஸாவில் ஓதுகிற பிள்ளை மாதிரி லேசாக ஆடிக்கொண்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே, ஏற்றம் இறக்கத்தோடு சொன்னான்.

"கூறுகெட்ட மனுசா, தலையத் தொவட்டாமப் படுத்துருக்கியே, சளி புடிச்சா யாரு பாப்பா."

சேவுகன் மெதுவாக எழுந்து, கொடியிலிருந்து துண்டை எடுத்து, உச்சியிலிருந்து காது வரைக்கும் நிதானமாகத் துவட்டினான். துவட்டி முடித்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொபுஜைப் பார்த்தான்.

சொபுஜ் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொன்று பாக்கி இருக்கிறது என்பது போல விரலைத் தூக்கினான்.

"பெடரியில ஈரம் நிக்கிது பாரு."

சேவுகன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாகத்தான் இருந்தது.